மல்லிகாவுக்காக ஒரு நிமிட மௌனம்

பாரிசுக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் அந்த இரும்புக் கோபுரத்தைப் பற்றி எழுதுகிறார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. மூன்று நாள் நின்றேன். மூன்று நாளும் பார்த்தது ஒரு பொலிஸ் நிலையம், ஒரு ஆஸ்பத்திரி, பெண்களை முன்னேற்றுகிற ஒரு கந்தோர், அதாவது ஆபீஸ். மூன்றிலும் கந்தோர்தான் மோசம்.

என் அக்கா புவனா பாரிசில் செத்துப்போனாள். ஆனால் ஆஸ்பத்திரிப் பேப்பரில் செத்தது அக்கா இல்லை, மல்லிகா என்ற வேறொரு பெண். அந்த மல்லிகா பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல் என்ற ஊரில் உயிரோடு சமைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை பிரேதத்தை மல்லிகா என்ற பெயரில் எரிக்கக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் அக்காவின் பெயரை எழுதுவிக்க வேண்டும். அதற்காகத்தான் லண்டனில் இருந்து போனேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சாண்ட்விச்சைப் பக்கற்றில் அடைக்கிற வேலை செய்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுக்காவிட்டாலும் காரியமில்லை.

எப்படி இந்தக் குழப்பம் வந்தது என்று சொல்கிறேன். அக்காவின் அகதி மனுவை இரண்டு தரம் தள்ளிவிட்டார்கள். வேலை செய்ய அவளுக்கு அட்டை இல்லை. எங்கள் ஊர்க்காரர் சிவராசா அண்ணையின் மனுசி மல்லிகாவிடம் அட்டை இருந்தது, ஆனால் இரண்டு சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு அவளால் வேலைக்குப் போக முடியாது. ஆகவே மல்லிகாவின் அட்டையில் அக்கா போனாள். பாரிசில் எங்கள் ஆட்கள் கூடுகிற லா சப்பலில் இதைக் களவு என்று ஒருவரும் சொல்வதில்லை. மழைக்குக் குடை இரவல் கொடுக்கிற மாதிரித்தான். படத்தில் இருக்கிற முகம் வேறு, கொண்டுபோகிற முகம் வேறு என்று வெள்ளைக்காரனுக்குத் தெரியாது. அவனுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம். அந்தத் தைரியத்தில்தான் கனபேருடைய சீவியம் ஓடுகிறது.

ஒருநாள் விடியற்காலை வேலைக்குப் போகிற பஸ்ஸில் அக்காவின் தலைக்குள் ஒரு நரம்பு வெடித்துவிட்டது. நித்திரை என்று நினைத்து ஒருவரும் தொடவில்லை. கடைசித் தரிப்பிடத்தில் சாரதி வந்து தட்டிப் பார்த்திருக்கிறார். கைப்பையில் மல்லிகாவின் அட்டை. அவ்வளவுதான், மல்லிகா செத்துப்போனாள்.

செவ்வாய்க்கிழமை கார் து நோர் றெயில் ஸ்டேசனில் இறங்கினேன். விசாவுக்கு அலைந்த கதையை விடுகிறேன், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. சிவராசா அண்ணை வந்து நின்றார். றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவுகிறவர், கை இரண்டும் ஊறி வெளிறிப் போயிருந்தது. அக்காவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் பையை வாங்கிக்கொண்டு நடந்தபடியே, “பிள்ளை, அட்டை துலைஞ்சு போச்சு எண்டுதான் நாங்கள் சொல்லுறது. குடுத்தது எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதை,” என்றார். துலைந்தது என்பதற்குப் பிரெஞ்சில் ‘பெர்தியு’ என்று சொல்லித் தந்தார். வீதி கடக்கும்போதெல்லாம் அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பாரிசில் நான் படித்த முதல் சொல் அது.

ஸ்டேசனில் இருந்து லா சப்பல் நடக்கிற தூரம். மேலே இரும்புத் தூணில் மெத்ரோ ஓடுகிறது, கீழே எங்கள் ஆட்கள் ஓடுகிறார்கள். மெத்ரோவுக்கு மேல் ஆகாயம் ஈயச்சட்டி மாதிரி. லண்டனில் எங்கள் பக்கத்துக் கடைகளில் முருங்கைக்காய் வந்தால் அது ஒரு செய்தி. இங்கே வெற்றிலை, கருவாடு, சாமிப்படம், வீடியோக் கசற், எல்லாம் ஒரே கடையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது. தேத்தண்ணி குடித்த கடையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் அக்காவைத் தெரியும் என்றார்கள், நல்ல பிள்ளை என்றார்கள், தலையை ஆட்டினார்கள். அதில் ஒருவர் அக்காவின் கையால் எத்தனை தரம் புட்டுச் சாப்பிட்டிருக்கிறேன் என்று கணக்குச் சொன்னார். லண்டனில் இருந்து வந்த எனக்கு இவர்கள் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். ஒரு நாள்தான் அப்படித் தெரிந்தது.

அக்காவின் அறை ஆறாம் மாடியில். லிப்ட் இல்லை. கூட இருந்த இரண்டு பெண்களும் பொலிஸ் வரும் என்று பயந்து எபினே பக்கம் போய்விட்டார்கள். அவர்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை. குளிருக்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு பலகையில் சட்டியை வைத்திருந்தார்கள். திறந்து பார்த்தேன். மீன் குழம்பு. அக்கா வேலைக்குப் போகமுன் வைத்தது. மோந்து பார்த்தேன், பழுதாகவில்லை. சூடாக்கிப் பாணோடு சாப்பிட்டேன். புளி கூடிவிட்டது. அக்காவுக்கு எப்போதும் புளி கூடத்தான். சட்டியை விரலால் வழித்து முடித்தேன். வேறு யாராவது பார்த்திருந்தால் இவளுக்கு என்ன பசி என்று நினைத்திருப்பார்கள்.

பின்னேரம் வில்லியே லே பெல்லுக்கு றெயின் எடுத்தேன். லண்டனில் கதவு தானே திறக்கும். இங்கே ஒரு பிடியைத் தூக்க வேண்டுமாம். நான் கதவுக்கு முன்னால் மரம் மாதிரி நின்றேன், றெயின் என்னையும் கொண்டு அடுத்த ஸ்டேசனுக்குப் போய்விட்டது. அங்கே ஒரு ஆபிரிக்க மனுசி பிடியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். திரும்பி வந்து, பெட்டி பெட்டியாக அடுக்கிய கட்டிடங்களுக்குள் இலக்கத்தைத் தேடிப் பிடித்து மணி அடித்தேன். செத்தவள் வந்து கதவைத் திறந்தாள்.

மல்லிகா என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதாள். அழுதபடியே இடியப்பம் அவித்தாள். பிள்ளைகள் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்கள், அவள் தமிழில் பதில் சொன்னாள். மூத்தவனின் பள்ளிக்கூடத்தில் இருந்து, தாயில்லாப் பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு ஒரு ஆள் வந்ததாம். இவள் கதவைத் திறந்து தான் பக்கத்து வீட்டுக்காரி என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

“அட்டையைச் சரியெண்டு குடுத்தது நான்தான்,” என்றாள். “அவர் வேண்டாம் எண்டவர். உன்ரை அக்கா ஒவ்வொரு கிழமையும் வந்து பிள்ளையளுக்குத் தலை சீவி இழுத்து விடுவாள். இப்ப நான் சீவனோடை இருக்கிறது எனக்கே வெக்கமாக் கிடக்கு.”

இடியப்பம் நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

புதன்கிழமை காலை பொலிஸ் நிலையம். மொழிபெயர்க்க அந்துவான் மிசே வந்தார், மிசே என்றால் பிரெஞ்சில் ஐயா. புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். தொப்பி, நீளக் கோட்டு, கோட்டில் ஒரு சின்னப் பதக்கம். எங்கள் ஆட்கள் எல்லாரும் எதற்கும் அவரிடம்தான் ஓடுகிறார்கள், ஓடிப் போய்விட்டுப் பின்னால் நின்று நக்கலும் அடிக்கிறார்கள். அவருக்கும் எங்களை அவ்வளவாகப் பிடிக்காது. ஒரு பேப்பரும் ஒழுங்காக வைத்திருக்கத் தெரியாத சனம் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பொலிஸ்காரர் கெட்ட மனுசன் இல்லை. இரண்டு விசயம் வேண்டும் என்றார். மல்லிகா உயிரோடு இருந்தால் அவள் நேரே வர வேண்டும். செத்தவள் யார் என்று, குடும்பத்தில் இல்லாத, ஒழுங்கான பேப்பர் உள்ள, அவளை உயிரோடு கண்டு பழகிய ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். என் வாய்ச்சொல் போதாது. நான் தங்கச்சி. நாளைக்குள் வந்தால் ஆஸ்பத்திரிப் பேப்பரை நிறுத்தலாம், மற்றதெல்லாம் பிறகு நீதிமன்றத்தில் பார்க்கலாம் என்றார்.

வெளியில் வந்ததும் அந்துவான் மிசேயைப் பார்த்தேன். என்ன கேட்கப் போகிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

“அது முடியாதும்மா. உங்கக்காவ நான் பாத்ததே இல்ல. முப்பது வருஷம் தபால் ஆபீஸ்ல இருந்தவன், பொய்யா ஒரு கையெழுத்து போட்டதில்ல. வேலை பாத்த இடத்துல கேளு. படிச்சவங்க, வருவாங்க.”

படிச்சவர்களிடம் போனோம்.

அக்கா துப்புரவு செய்த கந்தோர் பாரிசின் மற்றப் பக்கத்தில், மரங்கள் வரிசையாக நிற்கிற பணக்காரத் தெருவில் இருந்தது. நாலு சர்வதேச நிறுவனங்கள் சேர்ந்து நடத்துகிற கந்தோர். பசிபிக் கடலில் கிடக்கிற சின்னச் சின்னத் தீவு நாடுகளில் பெண்களை ஆண்களுக்குச் சமனாக்குவது இவர்களுடைய வேலை. தீவுகள் உலகத்தின் அந்தப் பக்கம், கந்தோர் இந்தப் பக்கம். ஏன் என்று அந்துவான் மிசேயைக் கேட்டேன். இங்கே சாப்பாடு நல்லா இருக்கும் என்றார்.

எங்களைக் குசினிக்குள், கோப்பி போடுகிற அறைக்குள், இருத்தினார்கள். அங்கே நாலு நிறத்தில் கோப்பைகள் தொங்கின. சுவரில் ஒரு அறிவித்தல். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு நிறம், துப்புரவுப் பணியாளர் மாற்றி வைக்கக் கூடாது என்று அந்துவான் மிசே வாசித்துக் காட்டினார். அதன் கீழே நாலு கையெழுத்து. இந்தக் கந்தோரில் நாலு பேரும் கையெழுத்துப் போடாமல் ஒரு துரும்பும் அசையாதாம். சேர்ந்து வேலை செய்வது என்றால் அதுதானாம். ஒருவர் லீவில் போனால் தீவுப் பெண்கள் அவர் வரும்வரைக்கும் சமனில்லாமல் இருக்க வேண்டியதுதான்.

பொறுப்பான மதாம் வந்தார். கழுத்தில் சிப்பி மாலை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மல்லிகா இந்தக் கந்தோரின் வெளிச்சம் என்றார். நான் அக்காவின் படத்தை எடுத்துக் காட்டினேன். ஓம், இவள்தான், இந்தச் சிரிப்பை மறக்க முடியுமா என்று கண் கலங்கினார். எனக்கு உயிர் வந்தது. அந்துவான் மிசே விசயத்தைச் சொன்னார். இவள் பெயர் மல்லிகா இல்லை, அட்டை வேறு ஆளுடையது, நீங்கள் ஒரு மணித்தியாலம் வந்து முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும்.

மதாம் என் கையை விட்டார். படத்தைத் திரும்ப வாங்கினார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு சொன்னது இது: ஒரு சாயல் இருக்கிறது. ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அப்படி இரண்டு வருசம் வேறு ஆள் வேலை செய்திருந்தால் அது பெரிய விசயம், நாலு நிறுவனமும் கூடி முடிவெடுக்க வேண்டும், அதில் ஒருவர் இப்போது பயணத்தில் இருக்கிறார்.

கண்ணீர் இன்னும் கன்னத்தில் கிடக்கிறது, அதற்குள் அக்காவை மறந்துவிட்டார்.

அப்போதுதான் மதாமுக்குப் பின்னால், நடைபாதைச் சுவரில் இருந்ததைக் கண்டேன். ஆள் உயரப் படம். அக்கா நின்றாள். காதில் ஒரு செம்பருத்திப் பூ, இடுப்பில் ஓலைப் பெட்டி, பெட்டி நிறைய வாழைப்பழம். ஒரு பக்கத்து வாயால் சிரிக்கிற அந்தச் சிரிப்பு. கீழே நாலு நிறுவனத்தின் சின்னமும். அந்துவான் மிசே தொப்பியைக் கழற்றினார். எழுதியிருந்ததை மெல்ல வாசித்தார்: பசிபிக் தீவுப் பெண், நாளைய தலைவி.

நான் படத்தையும் கையில் இருந்த படத்தையும் மாறி மாறிக் காட்டினேன். மதாம், அது தீவுகளில் எடுத்த படம் என்றார். எந்தத் தீவு என்று கேட்டேன். படம் பிடித்தவருக்குத்தான் தெரியும் என்றார். அந்துவான் மிசே கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். தமிழில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“வாழைப்பழத்துல கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. நம்ம தெரு மார்க்கெட் பழம்.”

யோசித்துப் பார்த்தேன், நடந்தது விளங்கியது. படத்துக்குத் தீவுப் பெண் ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறாள். கொண்டுவர நாலு கையெழுத்து வேண்டும். குசினியில் ஒரு கறுத்தப் பெண் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். எங்கள் முகமெல்லாம் ஒன்று என்ற தைரியம் எங்களுக்கு மட்டும் இல்லை, அவர்களுக்கும் இருந்திருக்கிறது. படத்துக்கு அவளை அவர்களுக்குத் தெரிந்தது, பிரேதமானதும் தெரியவில்லை.

போகும்போது மதாம் நாளைக்குப் பெரிய கூட்டம் இருக்கிறது, அதில் மல்லிகாவுக்கு அனுதாபம் தெரிவிப்போம், குடும்பத்தார் வரலாம் என்றார். கோப்பி குடிக்கிறீர்களா என்றும் கேட்டார். எந்த நிறக் கோப்பையில் தருவீர்கள் என்று கேட்கச் சொன்னேன். அந்துவான் மிசே மொழிபெயர்க்கவில்லை.

பின்னேரம் லா சப்பல் கடைக்குப் போய், அக்காவைத் தெரியும் என்ற மூன்று பேரையும் கேட்டேன். ஒருவருக்கு அடுத்த மாதம் அட்டை புதுப்பிக்க வேணுமாம், இப்போது பொலிஸ் படி ஏறினால் கண் வைத்துவிடுவார்களாம். மற்றவர் ஓல்னே-சூ-புவாவில் அவசர வேலை என்று எழும்பிவிட்டார். புட்டுச் சாப்பிட்டவர், “பிள்ளை, நான் அவவின்ரை முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கதைச்ச ஆளில்லை,” என்றார். சாப்பிடும்போது புட்டுக் கோப்பையைப் பார்த்திருக்கிறார் போலக் கிடக்கு. சிவராசா அண்ணை மல்லிகாவையும் கூட்டிவர மாட்டேன் என்றார். செத்தவளுக்குப் பேர் என்னவாயிருந்தால் என்ன, எரிக்கிறது எரிக்கிறதுதானே என்றார். அறைக்குப் போய், அக்காவின் உடுப்பெல்லாவற்றையும் தோய்த்துக் காயப் போட்டேன். ஏன் தோய்த்தேன் என்று கேட்காதீர்கள்.

வியாழக்கிழமை அந்துவான் மிசேயோடு கூட்டத்துக்குப் போனேன். வேறு போக இடமில்லை. சண்டை பிடிக்கலாம் என்றுதான் போனேன்.

பெரிய மண்டபம். உட்காருகிற ஒவ்வொரு கதிரையிலும் காதில் மாட்டுகிற கருவி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து மொழிபெயர்த்தார்கள். அறுபது எழுபது பேர் இருந்திருப்பார்கள், தீவுக்காரி என்று பார்த்தால் ஒரே ஒருவர், கடைசி வரிசையில். மற்றத் தீவுகளில் இருந்து ஏன் வரவில்லை என்று அந்துவான் மிசே பக்கத்தில் விசாரித்தார். யார் ரிக்கற் எடுக்கிறது என்று நாலு நிறுவனமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்ததில் பிளேன் போய்விட்டதாம். ஒரு ஆம்பிளை மேடையில் நின்று, தீவுகளில் பெண்களைப் பேச விடுவதில்லை என்று ஒரு மணித்தியாலம் பேசினார். பக்கத்தில் இரண்டு பெண்கள் தங்கள் முறைக்குப் பேப்பரோடு காத்திருந்தார்கள். அவர் முடித்தபோது நேரமில்லை, தேத்தண்ணிக்கு விட்டுவிட்டார்கள்.

தேத்தண்ணி முடிய மதாம் எழும்பினார். எங்களோடு உழைத்த மல்லிகாவுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம் என்றார். எல்லாரும் எழும்பினார்கள், கதிரைகள் உரசுகிற சத்தம், பிறகு ஒரு சத்தமும் இல்லை. அறுபது எழுபது படித்த ஆட்கள் தலையைக் குனிந்து நின்றார்கள். மல்லிகா அந்த நேரம் பிள்ளைக்கு வாயில் சோறு தீத்திக்கொண்டிருந்திருப்பாள். என் அக்கா ஆஸ்பத்திரியில் பெட்டிக்குள் குளிரில் கிடந்தாள், அவளுக்கு இந்த ஊரில் ஒரு நிமிடமும் இல்லை.

“மல்லிகா சாகேல்லை,” என்றேன். நான் நினைத்ததை விடச் சத்தமாக வந்துவிட்டது. “செத்தது என்ரை அக்கா. புவனா. புவனேஸ்வரி.”

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். தமிழுக்கு அங்கே பெட்டி இல்லை. மதாம் மார்பில் கை வைத்துத் தலையைச் சரித்தார், பாவம், கவலையில் புலம்புகிறாள் என்கிற மாதிரி. நிமிடம் முடிந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

கடைசி வரிசையில் அந்தத் தீவுக்காரி மட்டும் உட்காரவில்லை. கதிரைகளைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். பெரிய உடம்பு, பூப்போட்ட சட்டைக்கு மேல் யாரோ ஆம்பிளையின் கோட்டு, காலுறை போட்ட காலில் ரப்பர் செருப்பு.

“புவனா?” என்று கேட்டார்.

பாரிசில் வெள்ளை ஆளோ கறுப்பு ஆளோ, ஊர் ஆளைத் தவிர ஒருவர் வாயில் அந்தப் பெயரை நான் கேட்டது அப்போதுதான். அவர் என்னைப் பிடித்து வெளியே கொண்டுபோய் ஒரு மரவாங்கில் இருத்தினார்.

அவர் பெயர் லேயா. வனுவாத்து என்ற தீவு நாட்டில் பிள்ளைப்பேறு பார்க்கிற தாதி. அங்கே பிரெஞ்சும் படிப்பார்களாம், ஆகவே அந்துவான் மிசேயோடு நன்றாகக் கதைத்தார். இது மூன்றாம் தரம் இவரைப் பாரிசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முந்தின இரண்டு தரமும் கூட்டம் அலுத்துப்போய்க் கந்தோர்க் குசினியில் அக்காவோடு போய் இருந்துவிட்டாராம். அக்கா இவருக்கு ரசம் வைத்துக் கொடுத்திருக்கிறாள். படத்தைப் பற்றிக் கேட்டேன். அது எங்கள் நாட்டுப் பெண் இல்லை, கோப்பி போடுகிற பெண் என்று போன வருசமே கூட்டத்தில் சொன்னாராம். நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார்களாம்.

எனக்கு என்ன தேவை என்று அந்துவான் மிசே சொல்லி முடிக்கவில்லை, லேயா கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். மதாம் ஓடி வந்தார். மூன்று மணிக்குத் தீவுப் பெண்களின் குரல் என்று உங்கள் பேச்சு இருக்கிறது, நீங்கள் போனால் ஒருவரும் இல்லை என்றார். லேயா சொன்னதை அந்துவான் மிசே அன்றைக்கு முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தார்.

“நீங்களே பேசுங்க, இத்தனை வருஷமா அப்படித்தானே நடக்குதுன்னு சொல்லிட்டாங்க.”

மெத்ரோவில் கதவுப் பிடியை லேயா தூக்கினார். முதலில் ஆஸ்பத்திரி. ஒரு பொலிஸ்காரர் கூட வந்தார். துணியை விலக்கினார்கள். அக்காவின் தலைமுடியை யாரோ பிழையான பக்கத்தால் வாரி இழுத்து விட்டிருந்தார்கள். லேயா குனிந்து, ஒரு கையால் அவள் நெற்றியைத் தொட்டு, மற்றக் கையால் முடியைச் சரியாக்கினார். “புவனா,” என்று பொலிஸ்காரருக்குச் சொன்னார்.

பிறகு பொலிஸ் நிலையம். வாசலில் மல்லிகா நின்றாள். ஒரு கையில் சின்னது, மற்றக் கையில் மூத்தவன், இலங்கைப் பாஸ்போட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு. சிவராசா அண்ணை வேண்டாம் என்று கதவைப் பூட்டினாராம். அவர் கோப்பை கழுவப் போனதும், பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து வைத்திருந்த மற்றச் சாவியால் கதவைத் திறப்பித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பொலிஸ்காரர் பாஸ்போட்டைப் பார்த்து, ஆளைப் பார்த்து, செத்துப்போனது நீங்களா என்று கேட்டார். பிறகு அட்டை எப்படி மற்றவளிடம் போனது என்று கேட்டார்.

“நான்தான் குடுத்தனான்,” என்றாள் மல்லிகா. “களவு இல்லை. நான் விரும்பிக் குடுத்தது.”

அந்துவான் மிசே தொண்டையைச் செருமினார். தொப்பியை மடியில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிரெஞ்சில் ஒரு நீளமான வசனம் சொன்னார். அதற்குள் ‘பெர்தியு’ என்ற சொல் எனக்குத் துலக்கமாகக் கேட்டது.

“மிசே, அவ குடுத்தனான் எண்டெல்லோ சொன்னவ?”

“நீ சும்மா இரும்மா,” என்றார். காது இரண்டும் சிவந்துபோயிருந்தது. கோட்டில் இருந்த பதக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டார்.

அடுத்தது லேயாவின் முறை. அவரிடம் அவர்கள் அரசாங்கம் தன் பிரதிநிதிகளுக்குக் கொடுக்கிற பாஸ்போட் இருந்தது, அதைக் கண்டதும் பொலிஸ்காரர் நிமிர்ந்து இருந்தார். கந்தோரில் எல்லாருக்கும் இவள் மல்லிகா, உங்களுக்கு மட்டும் எப்படி வேறு பெயர் தெரியும் என்று கேட்டார். லேயாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. திருப்பிக் கேட்டார்கள். அந்துவான் மிசே பதிலை எனக்கு மொழிபெயர்த்தார்.

“மொத நாளு மல்லிகான்னுதான் சொன்னாளாம். ‘உங்கம்மா உன்னை என்னன்னு கூப்பிடுவாங்க’ன்னு இவங்க கேட்டாங்களாம். சொல்லிட்டாளாம். அவ்வளவுதான்ங்கறாங்க.”

பொலிஸ்காரர் அதையும் எழுதினார். தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த ஊர் எல்லாம் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவர் இரண்டு விரலால் தட்டினார். ஊர்ப் பெயரில் ஒரு எழுத்துப் பிழையாக விழுந்தது. நான் கையை நீட்டிக் காட்டினேன், திருத்தினார். பிறகு பேப்பரை இழுத்து எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார், பிறகு மாற்றினால் கஷ்டம், சரியென்றால் சரி என்று சொல் என்றார்.

பார்த்தேன். புவனேஸ்வரி. முழுப் பெயர், ஒரு எழுத்தும் குறையவில்லை. அதற்குப் பக்கத்தில் செத்த திகதி, செத்த நேரம்.

நான் மூன்று நாளாக ஓடினது இதற்குத்தான். ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. பேப்பரில் மல்லிகா செத்திருந்த வரைக்கும், அக்கா எங்கேயோ வேலையில் நிற்கிறாள், நான் போய்க் கூட்டிவரப் போகிறேன் என்கிற மாதிரி ஒரு வேகம் இருந்தது. இப்போது அவளுடைய பெயர் அந்த இடத்தில் இருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தது நான். சரி என்று நான் சொல்ல வேண்டும், என் வாயால்.

சரியா என்று கேட்டார். பிறகும் கேட்டார். மல்லிகாவின் சின்னது அழத் தொடங்கியது, அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டினாள். லேயா என் முதுகில் கையை வைத்தார்.

“ஓம், சரி,” என்றேன்.

அந்துவான் மிசே அதை மொழிபெயர்த்தார்.